ஜப்பான் கிராமத்துல பழைய வீடு, முதல் கோடைக்காலம்: எதை முதல்ல பாக்கணும், எதை தொடவே கூடாது

தோக்கியோவுக்கு பக்கத்துல இருக்கற சிபா மாகாணத்துல, போசோ தீபகற்பத்துப் பக்கம் பழைய கிராமத்து வீடு வாங்கறது இப்ப ஜப்பான்ல இருக்கற நம்மாளுங்க மத்தியில கொஞ்சம் கொஞ்சமா பரவிட்டு வருது. தோக்கியோவுல நிஷிகசாய் பக்கம் வருஷக்கணக்கா வாடகை ஃப்ளாட்ல இருந்தவங்க, பிள்ளைங்க ஓடியாட ஒரு வாசல் வேணும், நாலு கத்திரிச்செடி வைக்க இடம் வேணும்னு ஆசைப்பட்டு, அக்வாலைன்ங்கற கடல் ரோட்டுல தோக்கியோ விரிகுடாவத் தாண்டி கிமிட்சு, கமோகாவா, இசுமின்னு போசோ ஊர்கள்ல தேடிட்டு இருக்காங்க. வீட்டுக்கு பஞ்சமே இல்ல, 2023ல அரசாங்கம் எடுத்த கணக்குப்படி நாடு முழுக்க காலியா கிடக்கற வீடு மட்டும் 90 லட்சம், மொத்த வீடுகள்ல 13.8 சதவீதம். வெளிநாட்டுக்காரங்க வாங்கறதுக்கு தடை கிடையாது, ஆனா வீடு வாங்கினா விசா கிடைக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. வீட்டோட சேத்து வயலோ தோட்ட நிலமோ வந்தா அதுக்கு ஊர் விவசாய கமிட்டியோட அனுமதி தனியா வேணும், இதை மட்டும் பணம் கைமாறறதுக்கு முன்னாடி கேட்டுருங்க.

வாங்கற கதைய இத்தோட விட்டுடறேன். சாவி மே, ஜூன்ல கைக்கு வந்துச்சுன்னா அடுத்து என்ன பண்றதுன்னு தான் எழுத வந்தேன்.

பொதுவா எல்லாரும் முதல்ல கை வைக்கறது தரை, சுவத்து பெயிண்ட், கிச்சன். தயவு செஞ்சு முதல் கோடையில இது எதையும் தொடாதீங்க. இந்த வீடுங்களுக்கு வெயிலால வர்ற கெடுதல் கொஞ்சம் தான், ஈரத்தால வர்றது தான் மொத்தமும். 1950க்கு முன்னாடி கட்டின கிராமத்து வீடு அநேகமா கல்லு மேல தூண நிறுத்தி, தரைக்கும் மண்ணுக்கும் நடுவுல காத்து போக எடம் விட்டு, மூங்கில் வரிச்சு மேல களிமண்ணும் வைக்கோலும் அப்பி கட்டினது, அந்த சுவரு ஈரத்த இழுத்து திரும்ப விடும், தரைக்கு அடியில காத்து ஓடும், அதனால தான் அத்தன வருஷம் நின்னுருக்கு. ஆள் இல்லாம பத்து வருஷம் மரக்கதவெல்லாம் சாத்தி கிடந்தப்ப அந்த காத்து நின்னு போச்சு, அது தான் நோய். அத மொதல்ல சரி பண்ணாம மேல புது தரை போட்டீங்கன்னா ஈரத்த உள்ள வச்சு தைக்கறீங்க, ரெண்டே வருஷத்துல அந்த தரைய திரும்ப பேக்கணும்.

முதல் வேலை: திறக்கறது, தூக்கறது, கீழ இறங்கறது

வெளிப்பக்கம் இருக்கற அமதோ மரக்கதவு எல்லாத்தையும் தள்ளி திறங்க, சிக்கிக்கிச்சுன்னா தடத்துல இருக்கற மண்ண பழைய பிரஷ்ஷால எடுத்துட்டு மெழுகுவத்திய தேச்சா நகரும். படுக்கை அடுக்கற ஓஷிஈரே அலமாரிய திறங்க, பூஞ்சை வாடை முக்காவாசி அதுல இருந்து தான் வரும், உள்ள இருக்கற பழைய மெத்தை, துணி, பேப்பர் எல்லாம் வெளிய போகட்டும்.

அப்புறம் தத்தாமிய, அதாவது தரையில பதிச்சிருக்கற தடிமனான கோரைப்பாய் மெத்தைய, தூக்குங்க. ஓரத்துல வாசப்படிக் கட்டைக்கு ஒட்டின பக்கம் தட்டையான ஸ்க்ரூட்ரைவர சாய்ச்சு விட்டு நெம்பினா ஒரு முனை மேல வரும், கைய விட்டு தூக்கிடலாம், ஆனா தூக்கறதுக்கு முன்னாடி ரூமோட படம் ஒண்ணு வரைஞ்சு நம்பர் போட்டு அதே நம்பர சாக்பீஸால தத்தாமியோட அடிப்பக்கம் எழுதிடுங்க. எல்லாம் ஒரே சைஸ் தானேன்னு தோணும், கிடையாது, பழைய வீட்டு ரூம் எதுவும் சரியான சதுரமா இருக்காது, ஒவ்வொண்ணும் அந்த அந்த எடத்துக்குன்னே வெட்டினது, மாத்தி போட்டா ஒரு பக்கம் இடிக்கும் இன்னொரு பக்கம் சந்து விடும். தூக்கினத வெயில் நேரா படாம, எங்கவால, அதாவது நம்ம திண்ணை மாதிரி வெளிய நீளமா ஓடுமே அதுல, ரெண்டு ரெண்டா சாய்ச்சு நிறுத்தி காத்தாட விடுங்க.

கீழ பலகை இருக்கும், அதுல ரெண்டு மூண எடுத்துட்டு தலையில லைட்ட மாட்டிக்கிட்டு, முழுக்கை சட்டை, கையுறை, மாஸ்க் போட்டு கீழ இறங்குங்க. அங்க பாக்க வேண்டியது மூணு சங்கதி. ஒண்ணு, மண்ணு எவ்ளோ ஈரமா இருக்கு, கையில பிடிச்சா உருண்டையா நிக்குதா. ரெண்டாவது, வெளிப்பக்கம் காத்து வர்ற திறப்பு எல்லாம் அடைபட்டுருக்கா, பாதி வீட்டுல பழைய பலகை, ஓடு, தொட்டி, ஜாடின்னு எல்லாத்தையும் தரைக்கு அடியில தள்ளி வச்சுருப்பாங்க, வெளிய புல்லு இடுப்பளவு வளந்து மறைச்சிருக்கும். இத எடுத்து வெளிய போடறதுக்கு பைசா செலவில்ல, ஆனா இந்த வீட்டுக்கு நீங்க பண்ற பெரிய வைத்தியமே இது தான். மூணாவது, கல்லு மேல இருந்தோ மண்ணுல இருந்தோ தூண் மேல பென்சில் தடிமனுக்கு மண் கோடு ஏறியிருக்கா. ஏறியிருந்தா கரையான். ஜப்பான்ல பரவலா இருக்கற யமாதோ கரையான் ஏப்ரல், மே மாசத்துல பறக்கும், கடலோர சூடான பகுதியில இருக்கற இன்னொரு வகை ஜூன், ஜூலை ராத்திரியில லைட்ட சுத்தி பறக்கும், இந்த ரெண்டாவது ரகம் தான் ரொம்ப மோசம், கூரை வரைக்கும் போயிடும். கோட்ட உடைச்சு பாத்து உள்ள உயிரோட இருந்தா கம்பெனிய கூப்பிடுங்க, மருந்து அடிச்சா வழக்கமா 5 வருஷம் கேரண்டி தருவாங்க.

தூண சோதிக்கறதுக்கு மிஷின் எதுவும் வேணாம். எங்க வீட்டுக்கு வந்த தைகு-சான், அதான் தச்சர், சின்ன சுத்தியல் ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு ஒவ்வொரு தூணா மேல இருந்து கீழ தட்டிக்கிட்டே வந்தாரு. இடுப்புக்கு மேல ‘டக் டக்’னு கெட்டியான சத்தம், முட்டிக்கு கீழ வந்தவுடனே ‘பொத்’னு மாறுச்சு, அந்த எடத்துல ஸ்க்ரூட்ரைவர வச்சு கட்டை விரலால அழுத்தினாரு, பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. எனக்கு வயித்த கலக்குச்சு, அவரு முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. ஏன்னா தூண மொத்தமா மாத்த வேண்டியதே இல்ல, வீட்ட ஜாக்கி வச்சு துளி தூக்கி, கெட்ட பகுதிய மட்டும் அறுத்து எடுத்துட்டு, புது கட்டைய ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கற மாதிரி செதுக்கி சொருகிடுவாங்க, நெத்சுகின்னு பேரு, ஆணி கூட தேவைப்படாது. இந்த வேலை தெரிஞ்ச தைகு பல ஊர்லயும் இன்னும் இருக்காங்க, ஆனா பெரும்பாலும் வயசானவங்க, இன்டர்நெட்ல கிடைக்க மாட்டாங்க, பக்கத்து வீட்டுல கேட்டா தான் பேரு வரும்.

யாராச்சும் தரைக்கு அடியில மொத்தமா கான்கிரீட் கொட்டிடலாம், ஈரம் நின்னுடும்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. கல்லு மேல சும்மா நிக்கற தூண கான்கிரீட்டுல பூட்டினா வீடு நிலநடுக்கத்துல அசையற விதமே மாறிடும். பழைய மர வீட்ட கணக்கு போட தெரிஞ்ச ஆர்க்கிடெக்ட் பாத்து சொல்லாம பண்ணவே கூடாத வேலை அது.

மழைக்காலத்த வீணாக்காதீங்க

தோக்கியோ, சிபா எல்லாம் இருக்கற கான்தோ பக்கம் சுயுங்கற மழைக்காலம் சராசரியா ஜூன் முதல் வாரத்துல ஆரம்பிச்சு ஜூலை 20 வாக்குல முடியும். வேலை நடக்காதேன்னு எல்லாரும் சலிச்சுக்குவாங்க, எனக்கு இந்த மழை தான் வீட்ட பத்தின முழு உண்மைய சொல்லுது. நல்லா மழை கொட்டறப்ப பரண் மேல ஏறி லைட்ட அடிச்சு பாருங்க. ஒழுகின கறை பாத்தா பயப்படாதீங்க, அது 30 வருஷத்துக்கு முன்னாடி ஒழுகி அப்பவே சரி பண்ணினதா கூட இருக்கும், அதனால கறைய சுத்தி சாக்பீஸால வட்டம் போட்டு தேதிய எழுதிட்டு அடுத்த மழையில திரும்ப பாருங்க, வட்டத்துக்கு வெளிய ஈரம் வந்துருந்தா தான் இப்ப ஒழுகற ஓட்டை. ஓட்டுக் கூரை மேல நீங்களே ஏறிடாதீங்க, பழைய ஓடு மிதிச்சா நகரும், ஈரத்துல வழுக்கும். தகரம் போத்தின கூரையா இருந்தா அதுக்கு அடியில பழைய புல்லுக் கூரை அப்படியே இருக்கலாம், அது நல்லது தான், வெயிலுக்கு அத விட குளிர்ச்சி கிடையாது.

மழையிலயே குடைய பிடிச்சுட்டு வீட்ட ஒரு சுத்து சுத்துங்க. மலைய ஒட்டின வீடா இருந்தா பின்னாடி ஒரு சின்ன வாய்க்கால் இருக்கும், அது இலையும் மண்ணுமா மூடிப்போயிருந்தா மலைத்தண்ணி முழுக்க நேரா உங்க தூண் அடிக்கு தான் வருது. மண்வெட்டியால அத தோண்டி விடறது சிமெண்ட்டு, கெமிக்கல் எல்லாத்த விடவும் பலன் தரும், ஒரு மழை முடிஞ்சு தரைக்கு அடியில போய் பாருங்க, வித்தியாசம் கண்ணுக்கு தெரியும். கூரை ஓரத்து தண்ணி போற குழாய்லயும் இலை அடைச்சிருக்கும். இதோட சேத்து ஊராட்சியோட ஹஸார்ட் மேப்ப, அதாவது ஆபத்து பகுதிய காட்டற வரைபடத்த எடுத்து உங்க வீடு மண்சரிவு மஞ்சள் பகுதியிலயா சிவப்பு பகுதியிலயான்னு பாருங்க, சிவப்புன்னா பெரிய பணத்த அந்த வீட்டுல போடறதுக்கு முன்னாடி ரொம்ப யோசிக்கணும்.

புயலுக்கு தயாரா இருங்க

ஆகஸ்ட், செப்டம்பர்னா புயல். போசோல வீடு வச்சுருக்கறவங்க 2019 செப்டம்பர் 9ஐ மறக்க மாட்டாங்க, அன்னிக்கு விடிகாலை வந்த 15ம் நம்பர் புயல்ல சிபா நகரத்துல காத்தோட உச்ச வீச்சு விநாடிக்கு 57.5 மீட்டர் வேகத்துல பதிவாச்சு, 9 லட்சத்துக்கும் மேல வீடுகளுக்கு கரண்ட் போச்சு, கிமிட்சுல ரெண்டு பெரிய மின் கோபுரம் சாஞ்சுது, பல கிராமங்கள்ல கரண்ட் வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, கூரை பிச்சுக்கிட்டு போன வீடுங்க மேல நீல தார்ப்பாய் மாசக்கணக்கா கிடந்துச்சு. அதனால புயல் அறிவிப்பு வந்தா வாசல்ல இருக்கற பலகை, தகரம், ஏணி, மூங்கில் தட்டி எல்லாத்தையும் உள்ள எடுத்து வச்சு அமதோவ சாத்தி தாழ் போடுங்க, குளியல் தொட்டியில தண்ணி பிடிச்சு வைங்க, கிணத்து மோட்டார் வீடுன்னா கரண்ட் போனா தண்ணியும் போச்சு. வீட்டு தீ இன்சூரன்ஸ்ல காத்துல வர்ற சேதமும் சேந்துருக்கான்னு பாருங்க, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் கூரையோட போட்டோ எடுத்து தேதியோட வைங்க.

புயல் முடிஞ்ச மறுநாள் யாருன்னே தெரியாத ஆளு வந்து, பக்கத்துல வேலை பண்றோம், உங்க ஓடு நகந்து கிடக்கு, இப்பவே ஏறி பாக்கறோம்னு சொன்னா மரியாதையா வேணாம்னு சொல்லி அனுப்பிடுங்க. இது நாடு முழுக்க நடக்கற ஏமாத்து. பயத்துல கையெழுத்து போட்டுருந்தாலும் வீட்டு வாசல்ல வந்து வித்ததுக்கு 8 நாளைக்குள்ள ரத்து பண்ண உரிமை இருக்கு, 188க்கு போன் பண்ணா நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கு இணைப்பாங்க.

கரண்ட், ஏசி, நம்ம மிக்ஸி

பழைய வீட்டுல மெயின் போர்ட திறந்து பாருங்க, தோக்கியோ மின் கம்பெனி பகுதியில கனெக்ஷன் ஆம்பியர் கணக்கு, பாதி வீட்டுல 20, 30 ஆம்பியர் தான் இருக்கும், ஏசியும் மைக்ரோவேவும் ரைஸ் குக்கரும் ஒண்ணா ஓடினா ட்ரிப் ஆகும். ரெண்டு ஒயர் மட்டும் வர்ற கனெக்ஷனா இருந்தா 200 வோல்ட் ஏசி போட முடியாது, மூணு ஒயரா மாத்தணும். ஒரு ப்ளக் பாயிண்ட்ட மாத்தறதுக்கு கூட லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியன் தான் தொடணும்னு சட்டம், ஊர்ல நாமளே மாத்துவோமேன்னு இங்க கை வைக்காதீங்க, பழைய மர வீட்டுல ஒயர் தீ தான் பெரிய பயம்.

ஏசிய மே மாசத்துலயே சொல்லி வைங்க, ஜூலையில கூப்பிட்டா ஆள் கிடைக்க வாரக்கணக்குல ஆகும். ஊர்ல இருந்து கொண்டு வந்த மிக்ஸி 230 வோல்ட், இங்க 100 வோல்ட், அதனால மிக்ஸியோட வாட்ஸ விட பெருசா ஒரு ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். சிபா 50 ஹெர்ட்ஸ் பகுதி, இந்தியாவும் 50, அதனால டிரான்ஸ்ஃபார்மர் வச்சா மோட்டார் அதே வேகத்துல ஓடும், சட்னி அரைக்கலாம். ஒசாகா பக்கம் வீடுன்னா 60 ஹெர்ட்ஸ்.

முழு வீட்டுக்கும் ஏசி போட நினைக்காதீங்க, பழைய வீடு முழுக்க சந்து, குளிர் நிக்காது, காச கரியாக்கறது தான் மிச்சம். ஒரே ஒரு சின்ன ரூம எடுத்துக்கோங்க, ஆறு தத்தாமி விரிக்கற அளவு ரூம் போதும், அதோட கூரைத் தட்டு மேல பரண்ல இன்சுலேஷன் விரிச்சு, ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு ஜன்னல் போட்டு, சந்த எல்லாம் டேப் வச்சு அடைச்சு, குடும்பம் முழுக்க அங்க தூங்குங்க. மத்த ரூமெல்லாம் திறந்து விட்டு காத்தோட்டமா இருக்கட்டும், நல்ல கொசுவலை ஃப்ரேம் போடுங்க. வெயில ஜன்னலுக்கு வெளியவே தடுக்கணும், உள்ள கர்ட்டன் போட்டா சூடு ஏற்கனவே உள்ள வந்துடுச்சு, கோமேரி, கைன்ஸ் மாதிரி கடையில நாணல் தட்டி விக்கும், யோஷிசு, அத தெக்குப்பக்கமும் மேக்குப்பக்கமும் சாய்ச்சு வச்சாலே அந்த ரூம் மத்தியானத்துல உக்கார முடியற ரூமா ஆயிடும்.

உங்க உடம்பையும் பழக்கணும்

திருச்சி வெயில பாத்த ஆளுன்னு தைரியமா இருக்காதீங்க. இங்க ஜூலை, ஆகஸ்ட்ல காத்துல அவ்ளோ ஈரம், வேர்வை ஆவியாகாம சட்டையிலயே நிக்கும், ராத்திரியும் 25க்கு கீழ இறங்காத நாள் நெறைய. அத விட முக்கியம், உடம்பு சூட்டுக்கு பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், வாரம் முழுக்க ஏசி ஆபீஸ்ல உக்காந்துட்டு சனிக்கிழமை காலையில வந்து நேரா மண்வெட்டிய பிடிக்கற ஆளுக்கு அந்த பழக்கமே வராது, அவங்க தான் சுருண்டு விழறாங்க. சுற்றுச்சூழல் அமைச்சகம் ஊர் வாரியா வெப்பக் குறியீடு (வெறும் வெப்பநிலை இல்ல, காத்தோட ஈரத்தையும் சேத்த கணக்கு) போடறாங்க, அதுல 28க்கு மேல போனா கடின வேலைய நிறுத்துங்க, 31க்கு மேல வெளிய வேலையே வேணாம், 33 வரும்னு தெரிஞ்சா முந்தின நாள் சாயங்காலம் 5 மணிக்கே எச்சரிக்கை வரும்.

ஜூன்ல இங்க நாலரை மணிக்கே விடிஞ்சுடும். ஒரு டம்ளர் மோர்ல உப்பு தூக்கலா போட்டு குடிச்சுட்டு அஞ்சு மணிக்கு வெளிய இறங்குனா ஒன்பது வரைக்கும் நல்லா வேலை பண்ணலாம், அப்புறம் உள்வேலை, சாப்பாடு, மத்தியானம் கட்டாயம் தூக்கம், நாலரைக்கு மேல திரும்ப கொஞ்சம். விடிகாலை புல்லு வெட்டற சத்தம் எங்க கிராமத்துல யாருக்கும் தொந்தரவில்ல, அவங்களே அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சுடுவாங்க, ஆனா மரம் அறுக்கற மிஷின், சுத்தியல் எல்லாம் எட்டு மணிக்கு மேல தான். ஃபேன் வச்ச ஜாக்கெட் ஒண்ணு விக்குது, வேலையாளுங்க எல்லாரும் போட்டுருப்பாங்க, முதல் செலவா அத வாங்குங்க. தலை சுத்தல், குமட்டல், பேச்சு குழறல்னு வந்தா நிழல்ல படுக்க வச்சு கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஐஸ் வைங்க, பேச்சு குழறினாலோ, தண்ணிய தானா குடிக்க முடியலன்னாலோ யோசிக்காம 119ல ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.

பூரான், குளவி, அட்டை, இது மூணும் போசோல நிஜம். பூரான் ஈரமான எடத்துல தான் இருக்கும், தரைக்கு அடிய காய வச்சீங்கன்னா பாதி குறையும், ஷூவ உதறிட்டு போடற பழக்கம் பிள்ளைங்களுக்கும் வரணும். பெரிய குளவி ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ரொம்ப மூர்க்கம், கூட்ட பாத்தீங்கன்னா ஊராட்சிக்கு போன் பண்ணுங்க, ஸ்ப்ரேயோட நீங்களே போகாதீங்க. மலை அட்டை மழைக்கு மறுநாள் புல்லுல நிக்கும், கடிச்சா வலிக்காது, ரத்தம் மட்டும் நிக்காம ஓடும், நீள சாக்ஸுக்குள்ள பேண்ட்ட சொருகிக்கோங்க.

ஊர்க்காரங்களோட

சாமான் இறக்கறதுக்கு முன்னாடியே ஊர் தலைவர் வீட்டுக்கும், எதிர்ல மூணு வீடு, ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் ஒரு சின்ன டவலோ இனிப்பு டப்பாவோ எடுத்துட்டு போய் குடும்பத்தோட கும்பிட்டுட்டு வாங்க, இன்ன மாசத்துல இருந்து இன்ன வேலை நடக்கும், சத்தம் வரும், பொறுத்துக்கோங்கன்னு சொல்லுங்க. ஜப்பானிய மொழி சரியா வரலன்னாலும் பரவால்ல, ஒரு பேப்பர்ல எழுதி குடுங்க. ஞாயித்துக்கிழமை விடிகாலை ஊர் சேந்து ரோட்டோரம் புல்லு வெட்டற நாள் கோடையில கட்டாயம் இருக்கும், அதுக்கு போங்க. உங்க வீட்டு வேலை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் சரி, அதுக்கு போங்க. நல்ல தைகு யாரு, உங்க கிணறு எந்த வருஷம் வத்துச்சு, மலைத்தண்ணி எந்த பக்கம் இறங்கும், உங்க வீட்டுக்கு முன்னாடி இருந்தவங்க எப்ப கூரைய மாத்தினாங்க, இதெல்லாம் எந்த ஆபீஸ்லயும் எழுதி வைக்கல, புல்லு வெட்டிட்டு நிழல்ல டீ குடிக்கறப்ப தான் வெளிய வரும். வீடு வீடா சுத்தி வர்ற அறிவிப்பு அட்டைய அன்னிக்கே படிச்சு அடுத்த வீட்டுல குடுங்க, புரியலன்னா போன்ல போட்டோ எடுத்து மொழிபெயர்த்துக்கலாம். சாயங்காலம் ஊர் ஒலிபெருக்கியில பாட்டு வரும், புயல் எச்சரிக்கையும் அதுல தான் வரும், அத அலட்சியம் பண்ணாதீங்க.

தைகு வேலைக்கு வந்தா எட்டு மணிக்கு ஆரம்பிப்பாரு, பத்து மணிக்கும் மூணு மணிக்கும் ஒரு இடைவேளை, அப்ப குளிர்ந்த பார்லி டீயும் ஏதாச்சும் கடிக்கறதுக்கும் வைக்கறது பழைய வழக்கம், இப்ப யாரும் எதிர்பாக்க மாட்டாங்க, ஆனா வச்சா வர்ற பேச்சே தனி. எங்க வீட்டுல மெதுவடை வச்சோம், அதுக்கப்புறம் எந்த கேள்வி கேட்டாலும் அவரு பலகைய எடுத்து பென்சில்ல வரைஞ்சே காட்டினாரு. ஆகஸ்ட் 13ல இருந்து 16 வரைக்கும் ஓபோன், அந்த வாரம் தைகு, கடை எதுவும் நடக்காதுன்னு வச்சு பிளான் பண்ணுங்க, ஊரே முன்னோர்கள கும்பிடற நேரம், மிஷின் சத்தம் வேணாம்.

பேப்பர் வேலை

கோடையில கை வேலை கம்மிங்கறதால பேப்பர் வேலைய முடிக்க இதான் நேரம். ஊராட்சி மானியம் எதுவா இருந்தாலும், நிலநடுக்க சோதனைக்கோ, காலி வீடு சீரமைப்புக்கோ, செப்டிக் டேங்குக்கோ, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி விண்ணப்பிச்சாகணும், ஆரம்பிச்சுட்டு கேட்டா ஒரு யென் வராது. பட்ஜெட் ஏப்ரல்ல தொடங்கி மார்ச்ல முடியும், பாதி வருஷத்துலயே தீந்து போறது சகஜம். 1981 ஜூன்க்கு முன்னாடி அனுமதி வாங்கி கட்டின வீடுங்க பழைய நிலநடுக்க விதியில கட்டினது, சோதனைக்கு மானியம் பெரும்பாலான ஊர்ல உண்டு.

2025 ஏப்ரல்ல இருந்து ஒரு மாத்தம். கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு தளம் இருக்கற மர வீட்டுலயோ 200 சதுர மீட்டருக்கு மேல இருக்கற வீட்டுலயோ, தூண், உத்தரம், கூரை, சுவரு மாதிரி முக்கிய பாகம் ஒண்ணுல பாதிக்கு மேல மாத்தினா அரசு அனுமதி வாங்கணும். மேல் மாடி இல்லாம, 200 சதுர மீட்டருக்குள்ளன்னா இது கிடையாது, அதனால வீடு தேடறப்பவே மேல் மாடி இல்லாத சின்ன வீடா பாருங்கன்னு தான் நான் எல்லாருக்கும் சொல்றேன். ஆஸ்பெஸ்டாஸ் 2006ல தான் முழுசா தடை ஆச்சு, அதுக்கு முன்னாடி போட்ட கூரை ஷீட், வினைல் தரை எதுல வேணா இருக்கலாம், உடைக்கறதுக்கு முன்னாடி சோதனை கட்டாயம், சீரமைப்பு வேலை 10 லட்சம் யென் தாண்டினா அரசுக்கு ரிப்போர்ட்டும் போகணும், அத வேலை எடுக்கற காண்ட்ராக்டர் பண்ணணும், பண்ணாரான்னு கேளுங்க.

கழிவறை இன்னும் லாரி வந்து உறிஞ்சற குழியா இருந்தா கோடையில இருக்கவே முடியாது. அத ஜோகாசோ டேங்கா, அதாவது கழிவுத்தண்ணிய வீட்டுலயே சுத்தம் பண்ணி விடற செப்டிக் டேங்கா மாத்தணும். டேங்க் அளவு ஆள் எண்ணிக்கைய வச்சு இல்ல, வீட்டு பரப்ப வச்சு தான், 130 சதுர மீட்டர் வரைக்கும் 5 பேர் டேங்க், அதுக்கு மேல போனா 7 பேர் டேங்க், நீங்க ரெண்டே பேரு இருந்தாலும் அப்படித்தான். வருஷா வருஷம் சோதனையும் சுத்தம் பண்றதும் சட்டப்படி உண்டு, அந்த செலவையும் கணக்குல சேருங்க.

எத எப்ப

தரைப் பலகைய சுயுல போட்டீங்கன்னா ஈரத்துல உப்பியிருக்கும், குளிர்காலத்துல காஞ்சு சந்து விடும், அதனால அக்டோபருக்கு தள்ளுங்க, பலகைய ரெண்டு வாரம் முன்னாடியே அதே ரூம்ல அடுக்கி வச்சு பழக விடுங்க. ஷிக்குயி சுண்ணாம்பு பூச்சும் நடுக்கோடையில வேணாம், மேல சீக்கிரம் காஞ்சு முடி முடியா வெடிக்கும். மரத்துக்கு பெயிண்ட், எண்ணெய் அடிக்கறது ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருக்கற நாள்ல கூடாது, சின்ன ஈரப்பத மீட்டர் ஒண்ண சுவத்துல மாட்டிடுங்க, சில நூறு யென் தான்.

கோடையில தாராளமா பண்ணக்கூடியது தரைக்கு அடி சுத்தம், வாய்க்கால், குழாய், கரையான் மருந்து, கரண்ட் வேலை, கொசுவலை, பழைய சாமான் கழிக்கறது. கழிக்கற மரம், ஓடு எல்லாம் வீட்டு குப்பையில எடுக்க மாட்டாங்க, ஊர் குப்பை மையத்துல எத எடுப்பாங்கன்னு கேட்டு எடுத்துட்டு போங்க, தோட்டத்துல போட்டு எரிக்காதீங்க, சட்டப்படி தப்பு. தூண் நெத்சுகியும் கூரையும் செப்டம்பர் கடைசிக்கு மேல தான் தைகுவுக்கு நேரம் கிடைக்கும், ஆனா எஸ்டிமேட்ட ஓபோனுக்கு முன்னாடியே வாங்கி வரிசையில பேர் போட்டுருங்க. புது தத்தாமி எல்லாத்துக்கும் கடைசி, சுவத்து வேலை முடிஞ்சு தூசி எல்லாம் அடங்கினதுக்கு அப்புறம் அளவு எடுக்க வரச் சொல்லுங்க.